இடப்பக்கம்

தீவைப் பிடித்து வைத்திருந்த அர்ஜென்டினப் படை நேற்று இரவு சரணடைந்துவிட்டது. இன்று காலை ஸ்டான்லி ஊர்த் தெருவில் ஈனிட் லேண்ட்ரோவரை ஆமை வேகத்தில் ஓட்டிப் போகிறாள். தெருவோரம் குவிந்து கிடக்கும் இரும்புத் தொப்பிகளின் மேல் ஆலங்கட்டி விழுந்து கணீர் கணீரென்கிறது. பக்கத்து இருக்கையில் துணி சுற்றிய ரொட்டி இன்னும் சூடாக இருக்கிறது. மூன்று நாளுக்கு முன் குண்டு விழுந்த மேற்குத் தெருவில்தான் அவள் அண்ணன் வில்ஃப் குடியிருக்கிறான். அன்றிலிருந்து ஒரு சேதியும் இல்லை. தொலைபேசியும் செத்துக் கிடக்கிறது. வளைவில் எதிரே வந்த வண்டி, முட்டுவதற்கு ஒரு சாண் இருக்கையில் கிறீச்சிட்டு நிற்கிறது. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வீட்டுச் செருப்புமாகக் குதித்து இறங்குகிறான் வில்ஃப்.

“கண்ணு அவிஞ்சு போச்சா? எந்தப் பக்கம்டி வர்றே?” தார்ச்சாலையில் அர்ஜென்டினச் சிப்பாய்கள் தீட்டிய வெள்ளை அம்பு வலப்பக்கம் காட்டுகிறது. துப்பாக்கி முனையில் பத்து வாரம் பழகிய அவள் கை, இன்றும் தானாக அந்தப் பக்கமே திருப்பியிருக்கிறது. “அவனுங்க போட்ட அம்ப இன்னுமா பாத்துட்டிருக்கே? நம்ம பக்கம் இடதுடி, இடது! குண்டுக்குத் தப்பிச்சவன நீ இடிச்சே கொன்னுடுவ போலிருக்கே!” துறைமுகம்வரை கேட்கிறது அவன் கத்தல். இத்தனை நாளும் இந்தத் தெருவில் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டார்கள். ஈனிட் ஸ்டியரிங்கை விடாமல் சிரிக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

“இன்னொரு தடவ திட்டுண்ணா,” என்கிறாள்.