வெறும் மில்லின் இரைச்சல்

மாவுமில் நடத்தும் ஜக்கம்மாள், ஈஸ்வரியின் கம்பு வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"நான்தானேக்கா முதல்ல வந்தேன்?"

"முதல்ல வந்தா? உனக்குக் கடைசியிலதான். இஷ்டம்னா நில்லு, இல்லாட்டித் தூக்கிட்டுப் போ."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஏத்தா ஈஸ்வரி, ஜக்கம்மா அக்காவுக்கு உன்னையக் கண்டாலே ஆகலையே, என்ன செஞ்ச?" என்றாள் தங்கச்செல்வி.

ஈஸ்வரி முழங்கையில் புருஷனின் பெல்ட்டு பட்ட தடத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பரளச்சி மாவுமில்லில் மூன்று வாரமாக இதே அவமானம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அரைத்துக்கொண்டு போவார்கள். அவள் மட்டும் நிற்பாள்.

வாசலுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் மாமியார் பெத்தம்மாள் மில்லுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாதாம். ஆனாலும் கூட வராமல் இருக்கமாட்டாள். மருமகள் எங்கே போனாலும் உடன் போகவேண்டும் என்பது மகன் தங்கபாண்டியின் கட்டளை.

ஊருக்குள்ளேயே ஒரு மில் இருக்கிறது. "அவன் நைசா அரைக்கமாட்டான்" என்று சொல்லி, இந்தக் கரிசல் வெயிலில் பரளச்சி வரைக்கும் நடத்திக் கூட்டிவருவதும் அதே மாமியார்தான்.

அந்தி சாய்ந்ததும் தங்கபாண்டி சாமி படத்தின் முன்னே சூடம் ஏற்றுவான். பக்தியினால் அல்ல.

"யாத்தா, இன்னைக்கு இவ யாருகூடப் பேசினா? சூடத்தை அணைச்சுச் சொல்லு."

திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பருகாத பெத்தம்மாளுக்குச் சூடத்தின் முன் பொய் வராது. உள்ளங்கையால் சுடரை அணைத்து, கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுச் சங்கரியிடம் ஈஸ்வரி அழுததையும் அப்படித்தான் சொன்னாள். அன்றைய அடியில் ஈஸ்வரியின் செல்போனும் உடைந்தது. மறுநாள் முதல் சங்கரி தன் கதவைத் திறக்கவில்லை.

பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "அனுசரிச்சுப் போ தாயி" என்றதோடு அண்ணனும் முடித்துக்கொண்டான். நாலு பேர் கூடிச் சிரிக்கிற இந்த மில்லில் நிற்கும்போதுதான் தனக்கு யாருமே இல்லை என்பது அவளுக்கு நன்றாக உறைத்தது.

கடைசிப் பெண்ணும் போனாள். ஜக்கம்மாள் தெருவை எட்டிப் பார்த்தாள். கம்பை அரைத்து, மாவை வாளியில் வாரி, மூடினாள். ஆனால் மில்லை நிறுத்தவில்லை. தானியமற்ற கல் தடதடவென்று அலறியது.

"அக்கா, மில்லு வெறுமனே ஓடுது!"

"ஓடட்டும். இங்க வா."

கையைப் பிடித்து உள்ளே மூட்டை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தியதும் இரைச்சல் பாதியாய் அடங்கியது. மடியிலிருந்து செல்போனை எடுத்து, எண்களை அழுத்தி, ஈஸ்வரியின் காதில் வைத்தாள்.

"நூத்தியெம்பத்தொண்ணு. வீட்டுல அடிபடுற பொம்பளைகளுக்கு உதவி செய்ற நம்பரு. ஆளில்லாத நேரம் பாத்துத்தான் உன்னையக் கடைசியில நிறுத்துனேன். போன தடவை அரைக்க வந்த அந்த ரத்தினம் இங்கயே உக்காந்து பருத்தி விலை பேசிக்கிட்டு எந்திரிக்கவே இல்ல. ம், பேசு."

மறுமுனையில் ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது:

"சொல்லுங்கம்மா. நீங்க இப்ப பத்திரமா இருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. விடை சொல்லுமுன்னே அழுகை வந்துவிட்டது. அந்தக் குரல் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். பெல்ட்டை, பூட்டிய அறையை, சூடத்தை.

"தங்க இடம் இருக்கும்மா. வைத்தியம், வக்கீல், போலீஸ் எதுனாலும் கூட இருப்போம். இப்பவே கிளம்ப முடியுமா? வண்டி அனுப்பட்டுமா?"

ஈஸ்வரி ஜக்கம்மாளைப் பார்த்தாள். ஜக்கம்மாள் பின்வாசலின் தாழ்ப்பாளை ஓசையின்றி நீக்கிவிட்டு நின்றாள்.

"அனுப்புங்க" என்றாள் ஈஸ்வரி. தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

போனை வைத்த மறுகணமே பயம் திரும்பி வந்தது.

"அக்கா, வண்டி வர நேரமாகுமே. அதுவரைக்கும் வெறுங்கல் ஓடினாத் தேஞ்சு போகாதா?"

"தேயட்டும். கொத்திக்கிடலாம்."

"சந்தேகப்பட்டு அத்தை உள்ள வந்துட்டா? ஒரு சொல்லு காதுல விழுந்தாலும் சாயங்காலம் சூடத்துல சொல்லிருவாகளே!"

ஜக்கம்மாள் கதவிடுக்கின் வழியே வேப்பமரத்தைக் காட்டினாள். பெத்தம்மாள் இன்னும் திரும்பவில்லை. இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மில்லை நிறுத்தாதேன்னு சொன்னதே அவுகதான்டி. 'சூடத்துக்கு முன்னால எனக்குப் பொய் வராது தாயி, என் கண்ணுலயும் காதுலயும் படாம எம்மருமகளை அனுப்பிவச்சிரு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக."