டர்போவுக்கு எட்டாத எண்ணெய்

“நீங்க மாத்திக் குடுத்த ரெண்டாவது டர்போவும் செத்துப்போச்சு. உங்க பட்டறையில ஒருத்தருக்கு ஒருத்தர் குழி பறிக்கிறாங்கன்னு தெருவே பேசுது. அதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?”

பல் டாக்டரம்மா சாவியை மேஜைமேல் வீசினார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் முகம் இவ்வளவு கடுகடுவென்று இருந்து யாரும் பார்த்ததில்லை.

பம்ப்பக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. டீசல் பம்ப் வேலையில் கைதேர்ந்தவள் என்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. பட்டறை அவளுடையது. எஞ்சின் வேலையைப் புருஷன் பார்த்தார். டர்போவும் குழாய்களும் தம்பியின் பொறுப்பு. மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசியே வெகுநாளாகிறது. ஸ்பானர் வேண்டுமென்றால்கூட, “அவன்கிட்ட கேளு”, “அவர்கிட்ட சொல்லுக்கா” என்று அவள் வழியாகத்தான் தூது.

அந்தச் சண்டைக்கும் காரணம் ஒரு டர்போதான்.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் இந்த ரக டர்போவுக்கு எஞ்சின் எண்ணெய் அளவாகப் போக வேண்டும். அதற்காகக் குழாயில் சின்னதாக ஒரு பித்தளை அடைப்பான் வைப்பார்கள். நடுவில் குண்டூசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை, அவ்வளவுதான். முன்பு ஒரு வண்டியில் அதை வைக்காமல் விட்டுவிட்டார்கள். எண்ணெய் பீறிட்டு, சைலன்சரில் நீலப் புகை கக்கியது.

“உன் வேலைதானே?”

“எஞ்சின் பக்கம் உங்க வேலை மாமா!”

இருவரும் முறுக்கிக்கொண்டார்கள். பம்ப்பக்கா ஆத்திரத்தில் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே கத்திவிட்டாள்: “இன்னொரு வண்டி புகைஞ்சுதுன்னா, மறந்தவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!”

ஆனால் டாக்டரம்மாவின் வண்டி புகையவில்லை. எண்ணெய் போதாமல் காய்ந்து, பேரிங் கருகி, டர்போவின் தண்டு லொடலொடவென்று ஆடியது. அதுதான் அவளைக் குடைந்தது. எஞ்சின் நிறைய எண்ணெய் இருக்கும்போது இது மட்டும் ஏன் பட்டினி கிடந்தது?

“கொஞ்சம் உக்காருங்க டாக்டர். இதுல யார் கை இருக்குன்னு இன்னிக்கே தெரிஞ்சிடும். அவருக்கு நாளைலேருந்து இங்க வேலை இல்லை.”

இரண்டு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். புருஷன் தலை நிமிரவில்லை. வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த தம்பியின் கால்கள் மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றன.

“ரெண்டு பேர் வாய்க்கும் பூட்டா போட்டிருக்கு?” என்று முணுமுணுத்தபடி எஞ்சினைச் சூடேற்றினாள். அழுத்தம் பார்க்கும் கேஜை முதலில் எஞ்சினில் மாட்டினாள். முள் நாலில் நின்றது. பிறகு அதையே குழாய் டர்போவில் சேரும் இடத்தில் மாட்டினாள். முள் இரண்டுக்கு மேல் ஏற மறுத்தது.

கோபமாக உட்கார்ந்திருந்த டாக்டரம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “மீதி எங்க போச்சு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“ரத்தக்குழாய் அடைப்பு மாதிரியா?”

“அதே மாதிரிதான். தானா வந்த அடைப்பா, யாராவது வச்ச அடைப்பான்னு பாக்கணும்.”

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியதும் குழாயைக் கழற்றினாள். எஞ்சின் பக்கத்து முனையில் பித்தளை அடைப்பான் மினுங்கியது.

“இது இருக்க வேண்டியதுதான். ஓட்டையும் சரியான அளவு.”

பிறகு டர்போவின் வாயில் டார்ச் அடித்தாள். அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இன்னொன்று!

“ரெண்டா?” என்றார் டாக்டரம்மா.

“ஒண்ணு வச்சா அளவு. ரெண்டு வச்சா குரல்வளையைப் பிடிச்ச மாதிரி.”

“நான் சொல்லலை? ஒருத்தர் ஒழுங்கா வச்சிருக்கார். அவரைக் கவுக்க இன்னொருத்தர் வச்சிருக்கார்!”

பம்ப்பக்கா விறுவிறுவென்று புருஷனிடம் போனாள்.

“எஞ்சின் பக்கம் அடைப்பான் வச்சது நீங்களா?”

“ஆமா.”

“டர்போ வாயிலயும் ஒண்ணு இருக்கே?”

அவர் திடுக்கிட்டார். “இருக்காது... அவனா வச்சான்?”

“நீங்க வச்சதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எப்படிச் சொல்றது? அது யார் வேலைன்னு மறுபடியும் பேச்சு வரும். இப்பல்லாம் அவன் ஏதோ யோசனையாவே இருக்கான். மறந்து தொலைச்சிருந்தா, நீ கூடப்பிறந்தவன்னும் பாக்காம விரட்டிடுவே. அதான் நானே வச்சுட்டு வாயை மூடிக்கிட்டேன்.”

அப்படியானால் வினை தம்பியுடையதுதான். இவ்வளவு நல்ல மனுஷனுக்கா குழி பறித்தான்? நேரே போய் வண்டிக்கு அடியில் நீட்டியிருந்த காலைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் கிரீஸோடு தம்பி வெளியே வந்தான்.

“டர்போ வாயில அடைப்பான் வச்சது நீதானே?”

“ஆமாக்கா.”

“குழாயோட அந்த முனையில மாமா ஏற்கெனவே வச்சிருக்கார். அவர் வேலையைக் கெடுக்கத்தானே வச்சே?”

அவன் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். “மாமா வச்சிருக்காரா? நிஜமாவா?”

கிரீஸ் அப்பிய முகத்தில் சிரிப்பு பரவியது.

“டர்போ செத்துக் கிடக்கு, உனக்கு இளிப்பு வேறயா?”

“இல்லக்கா... மாமா மறந்திருப்பாருன்னு பயந்துட்டேன். வண்டி புகைஞ்சா, நீ புருஷன்னும் பாக்க மாட்டியே!”