சிபியுவில் இரண்டு நாள்

“ஒரு ரூம், ஒரு கட்டில் போதும்னு சொல்லிட்டேன்,” என்று லுக்ரேட்சியா போனைக் கீழே வைத்தாள்.

சபினுக்குக் காது சிவந்தது. ரெண்டு வருஷமாக அவள் வீட்டுக்கு விறகு பிளந்து போடுகிறான். இன்றைக்குத்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சூப் ஊற்றியிருக்கிறாள். ஷேவ் செய்துகொண்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று.

“நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ். சிபியுல எறங்கினதும் மொதல்ல கோபுரத்துல ஏறணும். சுரங்கத்துக்குள்ள எறங்கி எறங்கியே வாழ்க்கை போச்சு, ஒரு தடவையாவது மேல ஏற வேண்டாமா?”

“ஏறிட்டாப் போச்சு. மூச்சு வாங்கினா நீ என்னைத் தூக்கிக்கிட்டு எறங்கு.”

அவள் சிரிக்கவில்லை. “அப்புறம் சதுக்கத்துல வெயில்ல உக்காந்து பீர். சுட்ட கறி, கடுகுச் சாந்து நெறைய. அவசரப்படாம மென்னு திங்கணும்.”

“அந்த ஊர் வீடுங்களுக்குக் கூரை ஜன்னலெல்லாம் கண்ணு மாதிரியே இருக்குமே. சின்ன வயசுல பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல நான். எங்க போனாலும் நம்மளையே பாத்துக்கிட்டிருக்கும்.”

“பாக்கட்டும்.” அவள் பார்வை அவன் தோளுக்குப் பின்னால் நின்றது. சபின் திரும்பினான். வெறும் சுவர்தான்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். புதுச் சட்டை, புதுத் துண்டு, தோள்பை, புது ஷூ. சபின் ஷூவில் கால் விட்டுப் பார்த்தான். முன்னால் ரெண்டு விரல் இடம் காலி.

“பெருசா இருக்கே? பொம்பளைக் காலுன்னு லுபேனி சுரங்கத்துல எல்லாப் பயலும் என்னைக் கிண்டல் பண்ணுவானுங்க, உனக்குத் தெரியாதா?”

“இதுதான் அளவு. துணி அடைச்சுக்கோ.”

பையில் டிக்கெட் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று விழுந்துவிட்டதோ என்று மேசைக்கடியில் குனிந்து தேடினான். “உன்னோடது எங்க?”

“நான் வரல.”

“வெளையாடாத. நீ வராம அந்த ஊர்ல எனக்கு என்ன வேல? நான் என்ன நெனச்சேன்னா, லுக்ரேட்சியா...”

அவள் உருண்டை ரொட்டி ஒன்றைப் பைமேல் வைத்து, அதில் மெழுகுவத்தியைச் செருகிக் கொளுத்தினாள். நல்ல பகல் வெளிச்சம். சபின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“இது செத்தவங்க பேர்ல குடுக்கறதாச்சே?”

“ஆமா. வாங்கினவன் தின்னா அவங்க தின்ன மாதிரி. அவன் பாத்தா அவங்க பாத்த மாதிரி.” ரெண்டு கையாலும் பையை நீட்டினாள்.

“வேற யாருக்காவது குடு. என்னால முடியாது.”

சுடர் அசையாமல் நின்றது. அவள் கையும்தான்.

“அன்னிக்கு உன் ஷிஃப்டுல உனக்குப் பதிலா என் புருஷன் சுரங்கத்துல எறங்கினாரு, மேல ஏறி வரல. இப்ப அவருக்குப் பதிலா நீ போ.”