மேலே விரித்த மேட்

மழைக்காலம் வருகிறதென்று சவரிமுத்து தன் காருக்குக் கனத்த ரப்பர் மேட் வாங்கினார். எல்லாக் காருக்கும் சேரும் என்று கடையில் சொன்னார்கள். பழைய மேட்டைக் கழற்ற மனம் வராமல், அதன் மேலேயே புதியதை விரித்தார்.

பிரேக்குக்குத் திக்கென்றது. புது மேட்டின் விளிம்பு அதன் காலடிவரை வந்துவிட்டது.

“கொஞ்சம் பின்னால நகருப்பா. நான் கீழே இறங்க இடம் வேணும்” என்றது பிரேக்.

“ஒரு சொட்டுத் தண்ணி கீழே போகாம தாங்குறதுக்கு வந்தவன் நான். நீ உன் வேலையைப் பாரு.”

அடியிலிருந்து பழைய மேட் கேட்டது: “என்னைத் தரையில இருக்கிற கொக்கி பிடிச்சிருக்கு தம்பி. உன்னை எது பிடிச்சிருக்கு?”

“என் கனமே எனக்குப் போதும்.”

சவரிமுத்துவின் குதிகால் பட்டுப் பட்டு, புது மேட் நாளுக்கு நாள் முன்னால் நகர்ந்தது. அடைமழையில் மலையிறங்கும்போது, வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. சவரிமுத்து ஓங்கி மிதித்தார். பிரேக் உயிரைக் கொடுத்து இறங்கியது. பாதியில் ரப்பர் தடுத்துவிட்டது. மாட்டின் மேல் படாமல் அவர் திருப்பிய கார் புளியமரத்தில் போய் மோதியது.

அசைவில்லாமல் கிடந்தவரை ஊரார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடைந்த கண்ணாடி வழியே மழை உள்ளே கொட்டியது. ரப்பரில் சிக்கிய பிரேக் பாதியிலேயே நின்றிருந்தது.

“பாருங்க, இன்னும் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கலை” என்றது புது மேட்.