ஞானப்பல் எதற்கு?

“இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கடவுளைத் தீர்த்துக் கட்டிடறேன், டாக்டர்” என்றார், நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர். கழுத்தில் பச்சைத் துணி. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

கல்லூரியில் முப்பது வருஷம் தர்க்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘ஆதாரம்’ என்றால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். மழை வருது, உள்ளே வாங்க என்று மனைவி கூப்பிட்டாலும் “என்ன ஆதாரம்?” என்று கேட்டு, தொப்பலாக நனைந்த பிறகே ஒப்புக்கொள்வார்.

பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “ஞானப்பல் சார். சாய்ஞ்சு முளைச்சுப் பக்கத்துப் பல்லை இடிக்குது. அவசரமில்ல, இப்போதைக்கு மாத்திரை தரேன். நாளைக்கு எடுத்துக்கலாம்.”

“நாளைக்கா? இன்னிக்கே எடுங்க. எடுத்து ஒரு டப்பியில போட்டுக் குடுங்க. மேடையில தூக்கிக் காட்டப் போறேன். ஆதாரம்!”

விஷயம் இதுதான். ‘கடவுள் உண்டா, இல்லையா?’ என்று நூலக மன்றத்தில் வருஷா வருஷம் விவாதம் நடக்கும். உண்டு என்பவர் ஓய்வு பெற்ற நூலகர். இல்லை என்பவர் இவர். நாலு வருஷமாகக் கடவுள் தோற்றுக்கொண்டே இருந்தார். இன்றும் ஜெயித்துவிட்டால் சுழற்கோப்பை சுழலுவதை நிறுத்திவிட்டு நிரந்தரமாக இவர் வீட்டுக்கு வந்துவிடும். கண்ணாடி அலமாரியில் மனைவியின் தையல் பெட்டியை அப்புறப்படுத்தி, இடம்கூடத் தயார்.

“அப்படின்னா ஊசி போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன் சார்...”

“என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். கடிகாரம்னு ஒண்ணு இருந்தா அதைப் பண்ணினவன் ஒருத்தன் இருக்கணும். உலகம்னு ஒண்ணு இருந்தா அதைப் பண்ணினவன் ஒருத்தன் இருக்கணும். அதானே? அந்த நூலகர் வருஷா வருஷம் சாவி குடுத்துக் கொண்டு வர்ற அதே ஓட்டைக் கடிகாரம்!”

“நானும் சின்ன வயசுலேருந்து கேக்கற கடிகாரம்தான்” என்று முகமூடிக்குள் சிரித்தாள் டாக்டர். “ஆனா நான் சொல்ல வந்தது...”

“பண்ணினவன் இருக்கான்னே வெச்சுக்குவோம். இந்த ஞானப்பல்லை எதுக்குப் பண்ணினான்? கடிக்க உதவுதா? மெல்ல உதவுதா? வேலையும் செய்யாம, பக்கத்து சீட்டுக்காரனையும் இடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருக்கு. ஆபீஸ்ல ஒருத்தன் இப்படி இருந்தா என்னிக்கோ சீட்டுக் கிழிஞ்சிருக்கும்! இது எதுக்குன்னு ஒரே ஒரு உபயோகம் சொல்லச் சொல்லுங்க, கோப்பையை அங்கேயே வெச்சுட்டு வந்துடறேன்.”

“சார், இந்த ஊசி போட்டா...”

“ஊசிக்குப் பயப்படற ஆள் இல்லம்மா நான். அடுத்து முதல் காரணத்தைத் தூக்கிக்கிட்டு வருவார். எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணுமாம், கடவுளுக்கு மட்டும் வேண்டாமாம். அந்த ஸ்டாப்புல மட்டும் வண்டி ஏன் நிக்குது?”

“ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேளுங்க சார்.”

“வாதம் எல்லாம் மேடையில. இங்கே நீங்க வேலையைப் பாருங்க.”

டாக்டர் பெருமூச்சு விட்டாள். வாயைத் திறக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஊசி இறங்கியது. குறடு உள்ளே போனது. அடுத்த இருபது நிமிஷம், முப்பது வருஷ மாணவர்களில் ஒருவருக்கும் வாய்க்காத பேறு அந்த அறைக்கு வாய்த்தது. அவர் பேசவில்லை.

பல் வந்தது. கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் டப்பியில் போட்டுக் கொடுத்தாள். ஆதாரம் எழுந்து உட்கார்ந்தார். டப்பியை விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்து, கற்பனைச் சபையை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்தார்.

“கவுழ் இழ்ழ!” என்றார்.

சபைக்கு என்ன புரிந்ததோ, அவருக்கே புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். “கழ... வுழ்... இழ்ழே!” பாதி நாக்கு மரத்து, வாயில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

“எஃப்ஃப... ஸழியாகும்?”

“எட்டு, எட்டரை ஆயிடும் சார். அதுவரைக்கும் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும், பேசக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது” என்றாள் டாக்டர், நிஜமான வருத்தத்துடன். “அதைத்தானே சார் நாலு தடவை சொல்ல வந்தேன்?”

ஆதாரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். பிறகு தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கையில் ஆதாரம் பத்திரமாக இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் நாக்கு இல்லை.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு செல்போனை எடுத்தாள்.

“அப்பா, கடிகாரத்தை எடுத்துக்கிட்டு தைரியமாக் கிளம்புங்க. ஞானப்பல்லைக் கடவுள் எதுக்குப் பண்ணினார்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”