பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஓர் ஓட்டை

"கையில பெட்டி இருந்தா மாட்டிக்குவா. துணிமணியெல்லாம் சலவை மூட்டையோட முன்னாடியே வெளியே போயிடணும்" என்றாள் மகள்.

எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானேப்பா ஐடியா கேட்டீங்க?"

கேட்டது அவர்தான். கூடத்துச் சுவர் முழுக்க, அத்தியாயத்துக்கு ஒன்றாக மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. பதினொன்று இருந்தது, பதின்மூன்று இருந்தது. நடுவில் பன்னிரண்டு மட்டும் பல் பிடுங்கிய இடம்போல் காலியாகக் கிடந்தது.

கதாநாயகி வீட்டைவிட்டுப் போய்க் காதலனைக் கைப்பிடிக்க வேண்டிய அத்தியாயம் அது. அவளுடைய அப்பா கெட்டவர் இல்லை. மகள் போய்விட்டால் வேளாவேளைக்குத் தனக்கு யார் செய்வார்கள் என்று பயந்து, வந்த வரனையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பவர் வேறு.

அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவள் எப்படிப் போவாள்? எழுத்தாளர் அந்த அப்பாவுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார். அவளை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கியும் பார்த்தார். வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்து, ஒரு டம்ளர் டீயை ஆற அமரக் குடித்தபடி, பதிப்பாசிரியர் எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"நிஜத்துல நடக்கிற மாதிரி இருக்கணும் சார். இந்த ஓட்டையை அடைச்சாத்தான் நாவல் அச்சுக்குப் போகும்" என்று போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். முந்தைய இரண்டு நாவல்களும் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தன. இதுவும் போனால் பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான்.

அக்கா சலவை மூட்டையோடு கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனாள். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று கல்யாணம் காட்சி பார்க்காமல், அவர் மனைவி இறந்த பிறகு இந்தக் குடும்பத்தையும் தூக்கிச் சுமக்கிறவள்.

"அக்கா, என் நீலச் சட்டையைச் சலவைக்குப் போட்டியா?"

"அடுத்த தடவை போடறேன்டா."

போன தடவையும் இதைத்தான் சொன்னாள். அவர் கதையில் மூழ்கியிருந்ததால் அழுக்குச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகளின் அறையைக் கடக்கும்போது, அவள் போனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. "நாளைக்குக் காலையிலேயே வச்சுக்கலாம். அப்பாவை நான் பாத்துக்கறேன்."

சலவை மூட்டை யோசனை அவளுக்கு ஏன் நாக்கு நுனியிலேயே இருந்தது என்று அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"அக்கா! நம்ம வீட்டுக்குள்ளேயே ஒரு பன்னிரண்டாவது அத்தியாயம் ஓடுது!"

அக்காவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "யாரைடா சொல்றே?"

"வேற யாரை? உன் அருமை மருமகளைத்தான்! நாளைக்குக் காலையில ஓடப் போறா. என் காதால கேட்டேன்."

அக்கா மூச்சை விட்டாள். அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "சத்தம் போடாதே. காலையில இருந்து அவ கதவை விட்டு நகராம உக்காந்துக்கோ. எப்படிப் போறான்னு பாத்துடலாம்."

"நீ இல்லேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுக்கா."

"தெரியும்டா." அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "உன் கதைக்கும் இதுதான் வழி. அந்த அப்பன் கண்ணைக் கட்ட வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அவன் தப்பான கதவைக் காவல் காத்தாப் போதும்."

எழுத்தாளர் துள்ளிக் குதித்தார். "அக்கா, நீ எங்கேயோ இருக்க வேண்டியவ!"

மஞ்சள் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒட்டினார். பல்வரிசை நிறைந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மகளின் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தார். "கடைக்குப் போயிட்டு வரேன்டா" என்ற அக்காவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினார். உள்ளேயிருந்து மகள் நடுநடுவே இருமினாள், பாட்டுப் பாடினாள். அந்தக் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

மதியம் நெருங்கும்போது, மகள் சோம்பல் முறித்தபடி வெளியே வந்தாள். கையில் பெட்டி இல்லை, காலில் செருப்பும் இல்லை. "என்னப்பா, காலையில இருந்து இங்கேயா உக்காந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதிப்பாசிரியர்தான்.

"சார், பன்னிரண்டாவது அத்தியாயம் பிரமாதம்! ஓட்டைங்கிற பேச்சுக்கே இடமில்ல. நாவல் அச்சுக்குப் போகுது!"

எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. "நான் இன்னும் அனுப்பவே இல்லையே சார்? நீங்க எப்படிப் படிச்சீங்க?"

மறுமுனையில் பின்னால் யாரோ, "பதிவு முடிஞ்சவங்க நகருங்க, அடுத்த ஜோடி வாங்க!" என்று கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு போன் கை மாறியது. கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் சிரித்து வந்தது.

"படிக்கலடா தம்பி, நாங்க செஞ்சே பாத்துட்டோம்."