டிக்கி கொஞ்சம் சின்னது

மாமியார் மல்சூன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஷோரூமில் நின்ற காரின் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இறங்குகிற உத்தேசமே தெரியவில்லை.

"இதுதான்டா வண்டி! எவ்வளவு தாராளமா இருக்கு பாரு. அந்த இன்னொன்னு வேண்டாம்."

வெளியே நின்றிருந்த மருமகள் ஹேரன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சொந்த ஊரான ஹேநாமில் தனியாக இருக்கும் மாமியார், "பையன் கார் வாங்குறான், நானும் பாக்கணும்" என்று அவர்கள் இருக்கும் குவாங்ஜுவுக்குப் பஸ் பிடித்து வந்தபோதே, இங்கேயே தங்கிவிடுவாளோ என்று அவளுக்கு லேசாகச் சந்தேகம்தான்.

"அந்த இன்னொன்னு" என்பது, மகன் இன்சோப் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்த வண்டி. இரண்டும் ஹைப்ரிட். இதில் பின்சீட் விசாலம், டிக்கி சின்னது. அதில் டிக்கி ஒரு அறை மாதிரி இருக்கும். பின்சீட்டில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும்.

இன்சோப்புக்கு டிக்கிதான் முக்கியம். அளந்து பார்க்க வீட்டிலிருந்து, முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட்டுவைக்கும் காலி டப்பாக்கள் நாலையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அந்த வண்டியில் நாலும் உள்ளே போய், இன்னும் நாலுக்கு இடம் மீதி இருந்தது.

"குளிர் ஆரம்பிச்சதும் ஊருக்குப் போய் அம்மா போடுற கிம்ச்சியை வண்டி நிறைய ஏத்திட்டு வருவோம்" என்று விற்பனையாளர் குவாக்கிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "ஒரு வாய் வச்சாப் போதும், எங்கம்மா கைப்பக்குவம் தனியாத் தெரிஞ்சிடும். இந்தத் தடவை எங்க மாடியில எல்லா வீட்டுக்கும் தர்றேன்னு சொல்லியிருக்கேன். கடையில விக்கிறதை எல்லாம் நான் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன் சார்."

"அவ்வளவும் அம்மா ஒருத்தரா போடுறாங்க? எங்க வீட்ல மருமக, சித்தின்னு ஒரு பட்டாளமே உக்காந்து மசாலா தடவும். ராத்திரி ஒருத்தருக்கும் இடுப்பு நிமிராது."

"எங்கம்மா யாரையும் கிட்ட விட மாட்டாங்க. நாங்க போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, கழுவித் துடைச்சு, டப்பா மூடித் தயாரா இருக்கும்."

அது உண்மை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஹேரன் மாமியாருக்கு மனசுக்குள் கோயில் கட்டியிருந்தாள். மாமியாரை அவளுக்கு ரொம்பவே பிடிக்கும். அதாவது, இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறவரை.

"பேச்சை விடுங்கப்பா" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "இதுல டிக்கி ஏன் சின்னதா இருக்கு?"

குவாக் நெளிந்தார். "பேட்டரி அங்கதாம்மா அடியில உக்காந்திருக்கு. அதனால சாமானுக்கு இடம் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. இந்த டப்பான்னா ரெண்டுதான் போகும்."

"போகட்டும், போகட்டும். மனுஷங்க உக்காரத்தானே காரு? சாமான் ஏத்துறதுக்கு லாரி இருக்கு." மல்சூனின் முகமெல்லாம் மலர்ச்சி. சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இன்சோப் மனைவியை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"பாத்தியா? பின்சீட்டை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. நம்மகூட வந்து இருக்கணும்னு ஆசை. வாய்விட்டுக் கேக்கத் தெரியல. அந்தச் சின்ன ரூமை ஒழிச்சுக் குடுத்துடலாமா?"

அந்தச் சின்ன ரூமில்தான் ஹேரன் உட்கார்ந்து குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். வீட்டிலேயே அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு மேஜையும் ஜன்னலும்தான். அது போய்விட்டால் வேலையும் போனமாதிரிதான்.

"முதல்ல கேட்டுப் பாருங்க" என்றாள் ஹேரன்.

"கேட்டா ரோஷத்துல இல்லைன்னுடுவாங்க. உனக்கு எங்கம்மாவைத் தெரியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு குவாக்கிடம் போனான். "சார், அம்மாவுக்குப் பிடிச்ச வண்டியே இருக்கட்டும். வாங்க, பேசி முடிச்சிடலாம்." இருவரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

இனி தாமதித்தால் மேஜை போய்விடும். ஹேரன் சட்டென்று காருக்குள் ஏறி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்ககூட வந்து இருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

மல்சூன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானா? அந்தப் புறாக்கூட்டுலயா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? என் சினேகிதிங்க எல்லாம் ஊர்ல இருக்காளுங்க. சாயங்காலம் நான் சீட்டாடப் போகலேன்னா ஆளனுப்பிடுவாளுங்க!"

ஹேரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் குழப்பம் தீரவில்லை.

"அப்ப ஏன் அத்தை, இந்த வண்டிதான் வேணும்னு இப்படி ஒத்தக்கால்ல நின்னீங்க? அந்த இன்னொன்னுல டிக்கி எவ்வளவு பெருசு!"

மல்சூன் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே இன்சோப் கையை ஆட்டி ஆட்டி இன்னமும் அம்மாவின் கைப்பக்குவத்தைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தான் போலிருந்தது. அவள் கார்க் கதவை மெல்லச் சாத்திவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தாள்.

"அந்த டிக்கியை ரொப்பணும்னா, நான் சந்தையில எத்தனை கிம்ச்சிக் கடைதாம்மா ஏறி இறங்குறது?"